சிவப்பானால் கூப்பிட வேண்டிய நம்பர்

காலேஜ் இல்லை அக்கா, வேலைக்குப் போகிறேன். பை காலேஜ் பை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். ப்ளஸ் டூவோடு போதும் என்று வெளியே வந்துவிட்டேன். 'ஏம்மா, மேல படிக்கலாமே' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீங்க. உத்திரமேரூரில் பஸ் ஏறும்போதே ஒரு பெரியவர் ஆரம்பித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குக் கம்ப்யூட்டர் வரும். கணக்கும் ஓரளவு வரும். பெஞ்சில் உட்கார்ந்து இன்னொருத்தர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் வராது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை. இன்றைக்குத்தான் சேருகிறேன். கடை திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும், முதல் நாளே லேட்டாக வருகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சூப்பர்வைசர் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார். இதையும் கெடுத்துக்கொண்டு வந்தால் வீட்டுப் படி ஏறாதே என்று எங்கம்மா சொல்லியிருக்கிறது. எங்கம்மா சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகும்போதே போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கடை மூடினால்தான் கையில் தருவார்கள். மற்றப் பெண்கள் எல்லாம் அதற்காக அழுவார்களாம். எனக்கு நிம்மதி. சத்தியமாக நிம்மதி. அந்தச் சட்டத்துக்காகத்தான் இந்தக் கடையையே பிடித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஏன் என்று கேளுங்க. கேட்காவிட்டாலும் சொல்வேன், மாகறல் தாண்டுகிறவரைக்கும் வேறு என்ன செய்யப் போகிறோம்?

முன்னால் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தேன். அப்படி என்றால் ஒரு பெரிய குளிர்ந்த கட்டடம். பேங்க், ஆஸ்பத்திரி, செருப்புக் கடை, ஸ்கேன் சென்டர், எல்லார் கணக்கும் படமும் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில்தான் கிடக்கும். அங்கிருந்து ஒவ்வொருத்தர் ஊருக்கும் லைன் போகும். அந்த லைன் அறுந்ததா, இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ரூமின் வேலை. ஒவ்வொரு கஸ்டமருக்கும் கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்திருக்கும். மாசத்தில் இவ்வளவுக்கு மேல் லைன் அறாது, இவ்வளவுக்கு மேல் மெதுவாகாது என்று. அதற்குப் பெயர் எஸ்.எல்.ஏ. அந்த வாக்கு தப்பினால் கம்பெனி தண்டம் கட்ட வேண்டும். அதனால் தப்புவதற்கு முன்னாலேயே தெரிய வேண்டும்.

எப்படித் தெரியும்? அதற்குத்தான் பாலிசி. எல்.ஐ.சி. பாலிசி இல்லை, சிரிக்காதீங்க. எங்கம்மாவும் அப்படித்தான் நினைத்தது, யார் யாருக்கு எவ்வளவு பாலிசி பிடித்தாய் என்று கேட்டது. இது வேற. இவ்வளவு மெதுவானால் ஸ்கிரீனில் மஞ்சள், அறுந்தால் சிவப்பு, சிவப்பானால் எந்த நம்பருக்கு மெசேஜ் போக வேண்டும், இதை எல்லாம் கட்டம் கட்டமாகத் தட்டிவைப்பது. கஸ்டமருக்கு ஒரு பாலிசி. அதை நான் தட்டினேன். அந்த ரூமில் என்னை மாதிரி வேகமாகத் தட்ட ஆளே கிடையாது.

எல்லாரும் என்ன செய்வார்கள் தெரியுமா? பழைய கஸ்டமர் பாலிசியைக் காப்பி அடிப்பார்கள், பெயரை மாற்றுவார்கள், சேவ். ஒருத்தர்கூட முழுசாகப் படிக்க மாட்டார்கள். ஒரு தடவை ஒரு செருப்புக் கடை லைன் அறுந்ததற்கு ஒரு பேங்க் மேனேஜருக்கு மெசேஜ் போனது, அந்த மனுஷன் செருப்பாலேயே அடிக்கிற மாதிரி பேசினார். நான் அப்படி இல்லை. ஆரணியில் ஒரு ஸ்கேன் சென்டர் வந்தபோது ஒவ்வொரு கட்டமாக நானே புதுசாகத் தட்டினேன். படம் எடுத்தவுடனே சென்னையில் இருக்கிற டாக்டருக்குப் போக வேண்டும், அவர் பார்த்துச் சொன்னால்தான் இங்கே ஊசியோ மாத்திரையோ. லைன் அறுந்தால் நோயாளி மேஜையிலேயே படுத்திருக்க வேண்டியதுதான். அதனால் ரொம்பப் பார்த்துச் செய்தேன். கடைசிக் கட்டத்தில், சிவப்பானால் கூப்பிட வேண்டிய நம்பர் என்கிற இடத்தில், என் நம்பரைப் போட்டேன்.

ஆமாம், என் நம்பர்தான். ரூமில் ட்யூட்டி போன் என்று ஒன்று இருக்கிறது, அந்த நம்பரைத்தான் போட வேண்டும், எனக்கும் தெரியும். முதலில் சோதித்துப் பார்க்கத்தான் என் நம்பரைப் போட்டேன். ட்யூட்டி போனைப் போட்டுச் சோதித்தால், 'யாருடி சும்மா சும்மா மணியடிக்கிறது' என்று மொத்த ரூமும் கத்தும். சோதித்தேன், மெசேஜ் வந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மறந்துபோய் இல்லை. ட்யூட்டி போன் மேஜையில் அனாதை மாதிரிக் கிடக்கும், நீ எடு நான் எடு என்று ஆளுக்கு ஆள் பார்ப்பார்கள். என் போன் என்றால் நான் எடுப்பேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? சொல்லுங்க.

அந்த ஸ்கேன் சென்டரில் ஞானப்பிரகாசம் என்று ஒரு டெக்னீஷியன். சிவப்பு வந்தால் உடனே அவரைக் கூப்பிடுவேன். 'சார், கரண்ட் இருக்கா? பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா?' லைன் வந்து சேருகிற பெட்டியில் அது எரியவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கிறது. உடனே அந்தப் பக்கம் ஃபைபர் ஒட்டுகிற ஷாஜகான் அண்ணனைக் கூப்பிடுவேன். அவர் டீ கிளாஸைக்கூட வைக்காமல் வண்டியை எடுப்பார். எங்கேயாவது ஜே.சி.பி. தோண்டியிருக்கும். ஒட்டிவிடுவார். முடிந்தது.

அப்புறம்தான் நிரஞ்சன் வந்தான். இன்ஜினீயர். தலைமுடியைக் கொண்டை போட்டிருப்பான். இனிமேல் யாரும் கையால் பாலிசி தட்ட வேண்டாம், எல்லாம் தானாக நடக்கும் என்றான். கஸ்டமர்களைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்றாகப் பிரித்துவிடுவார்களாம். புதுசாக ஒருத்தர் வந்தால் பெயரைத் தட்டினால் போதும், பாலிசி தானே முளைக்கும். பழைய கஸ்டமர்கள் பாலிசி எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவர்களுக்கும் புதுசாக முளைக்கவைப்பான். முளைப்பதற்கு ஒரு விதை வேண்டுமே. எல்லார் பாலிசியையும் பார்த்துவிட்டு என் ஸ்கேன் சென்டர் பாலிசியை எடுத்தான்.

மேனேஜர் விஜயராகவன் சார் எல்லார் முன்னாலும் சொன்னார்: "சுபிக்‌ஷா போட்டதுதான் சுத்தமா இருக்கு. இதையே அச்சா வெச்சுக்கறோம். எல்லாரும் கை தட்டுங்க." தட்டினார்கள். நான் தேன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். நிரஞ்சன்கூட ரெண்டு எடுத்துக்கொண்டான். மிட்டாயைப் பார்த்து எடுத்தான், பாலிசியைப் பார்த்து எடுக்கவில்லை. மஞ்சள் எப்போது, சிவப்பு எப்போது என்பதை மட்டும் தங்கம் வெள்ளிக்குத் தகுந்த மாதிரி மாற்றினான். கடைசிக் கட்டத்தைத் தொடவே இல்லை. கடைசிக் கட்டம்வரைக்கும் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. இன்ஜினீயராம்!

சோதித்துப் பார்த்த அன்றைக்கு ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு கஸ்டமர் லைனை வேண்டுமென்றே பிடுங்கினார்கள். ஸ்கிரீன் சிவப்பானது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரூமில் ஒரு போன் மணி அடித்தது. என் போன். நான் எடுத்தேன், மெசேஜுக்கு '1' என்று பதில் போட்டேன், கஸ்டமரைக் கூப்பிட்டு லைன் போயிருக்கிறது, பார்க்கிறோம் சார் என்றேன். விஜயராகவன் சார் நிரஞ்சன் தோளில் தட்டினார். "பாத்தீங்களா? மணி அடிச்சுது, ஆள் எடுத்தாச்சு, கஸ்டமர்ட்ட பேசியாச்சு. பிரமாதம்பா!" யார் போன் என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை அக்கா. நான் கையில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறேன். கேட்டால் சொல்லியிருப்பேன்.

அந்த '1' என்னவென்று சொல்ல மறந்துவிட்டேன். மெசேஜ் வந்ததும் '1' என்று பதில் போட்டால், ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மெஷின் அதோடு வாயை மூடிக்கொள்ளும். போடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் நிரஞ்சன். அவனும் போடாவிட்டால் விஜயராகவன் சார்.

பிறகு என்ன? எல்லாம் தானாக நடக்கிறதே, இத்தனை பேர் எதற்கு என்று ஒரு நாள் விஜயராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். குளிர் ரூமில் உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி. காபி கொடுத்தாலே தெரிந்துகொள்ள வேண்டும். "சுபிக்‌ஷா, நீ சின்னப் பொண்ணு. இந்த வேலை எல்லாம் இனிமே மெஷின் பாத்துக்கும். நீ போய்ப் படி. இது உனக்கு நல்ல சான்ஸ்."

படியாம்! எந்தப் படிப்பு வேண்டாம் என்று வந்தேனோ அங்கேயே திரும்பிப் போ என்கிறார், அதுவும் பரிசு கொடுக்கிற மாதிரி. நான் கேட்டேன்: "சார், என் பாலிசியைத்தான எல்லாருக்கும் போட்டீங்க? அப்ப நான் மட்டும் எதுக்குப் போகணும்?" அவர் சிரித்தார். "அதான்மா, உன் வேலைதான் எல்லா இடத்துலயும் இருக்கே, நீ எதுக்கு?" காபியைக் குடிக்காமல் வந்தேன். கொஞ்சம் குடித்துவிட்டேன், மிச்சத்தை வைத்துவிட்டு வந்தேன்.

ஐ.டி. கார்டைக் கழற்றி வாங்கினார்கள். மெயிலைப் பூட்டினார்கள். ஹாஸ்டலைக் காலி பண்ணி, பெட்டியோடு கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், போனில் மெசேஜ். ஏதோ ஒரு கூரியர் கம்பெனி லைன், சிவப்பு. சரி, தப்பாக வந்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்தது. ஒரு பேங்க். அடுத்தது. அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது, எல்லாருக்கும் என் பாலிசி, எல்லாருக்கும் என் நம்பர், வேலை போனாலும் நம்பர் போகவில்லை.

உடனே நிரஞ்சனுக்குப் போன் போட்டேன். நல்லபடியாகத்தான் போட்டேன் அக்கா. அண்ணா, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். "சுபி, மீட்டிங்ல இருக்கேன், எதுவா இருந்தாலும் மெயில் போடு" என்று வைத்துவிட்டான். எந்த மெயில்? பூட்டின மெயிலா? நான் செத்தாலும் இவனிடம் சொல்ல மாட்டேன் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். பெட்டி மேல் உட்கார்ந்து '1' போட்டேன். கூரியர்காரரைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. குளிக்கும்போது வரும். சாப்பிடும்போது வரும். என் சித்தி பையனுக்குக் காதுகுத்து, மாமா மடியில் குழந்தை வீல் என்று கத்துகிறது, நான் பந்தல் மூலையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சார் பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்கிறேன். போட்டோவில்கூட நான் இல்லை. எவனோ ஒரு பையனோடு பேசுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிவிட்டார்கள். எங்கம்மா போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டது. பானைக்குள்ளிருந்தும் அடித்தது.

பேரைச் சொல்ல மாட்டேன். நான்தான் அங்கே இல்லையே, எந்தப் பேரைச் சொல்வது? 'நெட்வொர்க் கண்காணிப்பிலிருந்து பேசுகிறோம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, கரண்ட் இருக்கா, விளக்கு எரிகிறதா, ஆள் வருகிறார், நன்றி. அவ்வளவுதான். கேபிள் ஆட்கள் எல்லார் நம்பரும் என்னிடம் இருக்கிறது. அவர்களுக்கு நான் எங்கே உட்கார்ந்திருந்தால் என்ன?

இதைக் கேளுங்க. போன மாசம் நிரஞ்சன் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். கையில் பரிசாக வந்த கண்ணாடிக் கோப்பை, பக்கத்தில் விஜயராகவன் சார், பல்லைக் காட்டிக்கொண்டு. 'எங்கள் தானியங்கிக் கண்காணிப்பு வந்த பிறகு கஸ்டமர் புகாரே இல்லை'. எப்படி இருக்கும்? புகார் வருவதற்குள் நான் கூப்பிட்டுவிடுகிறேனே! யார் தூக்கம் கெட்டது, யாருக்குக் கோப்பை? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். '1' போடாமல் விட்டால்தான் அவனுக்குப் போகுமே, அவன் படட்டுமே, அதுதானே? நானும் ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். போனைக் குப்புறப் போட்டுவிட்டு டி.வி. பார்த்தேன். படட்டும் நாய் என்று நினைத்தேன். அப்புறம் எதற்கோ எடுத்தேன், '1' போட்டேன். பயந்து இல்லை, அந்த மணிச் சத்தம் எரிச்சலாக இருந்தது. சத்தத்தைக் குறைக்கலாம்தான். அது வேற.

எப்படியோ இன்றையோடு முடிந்தது. பெட்டிக்குள் போன் பூட்டிக் கிடக்கட்டும். நாளெல்லாம் அடிக்கட்டும். நிரஞ்சனுக்குப் போகட்டும், அவன் கொண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும். நான் பாட்டுக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பேன், இது முகூர்த்தக் கலர் அம்மா, இதில் ரெட்டைப் பேட்டு, ரெண்டு பக்கமும் கரை அம்மா என்று.

எங்கே வந்திருக்கிறோம், களக்காட்டூர் தாண்டிவிட்டதா? நல்லது. நேரம் இருக்கிறது.

ஒரு நிமிஷம் அக்கா.

ஆரணி. ஸ்கேன் சென்டர். சிவப்பு.

இருங்க, இதை ஒன்றை மட்டும். கடைசியாக. ஹலோ... நெட்வொர்க் கண்காணிப்பிலிருந்து பேசுகிறோம். சார், கரண்ட் இருக்கா? பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா? சார்? கேட்குதா? பாலத்து மேல் வந்தாலே இந்தப் போன் இப்படித்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன்.

கேட்டீங்களா, ஞானப்பிரகாசம் சார் விளக்கு எரியவில்லை என்கிறார். பைக்கிலிருந்து விழுந்த ஒருத்தரை மேஜையில் படுக்கவைத்திருக்கிறார்களாம். தலையில் அடி. படம் எடுத்தாகிவிட்டது, சென்னைக்குப் போக மாட்டேன் என்கிறது. சார், பதறாதீங்க, ஆளை அனுப்புகிறேன். என்ன சார்? அங்கே யாரிடம் பேசுகிறீர்கள்?

அக்கா, நீங்களும் கேட்டீங்கதானே, நான் தப்பாகக் கேட்கவில்லையே? பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்கிறார்: "மெஷின்தாங்க பேசுது. இனிமே மெஷினே கூப்பிடும்னு கம்பெனில இருந்து மெயில் வந்துச்சு. பாருங்க, பஸ் சத்தம்லாம் சேத்து வெச்சிருக்கான். அப்படியே பொண்ணு மாதிரியே மூச்சு வாங்குது."

சார்! யோவ் சார்! நான் மெஷின் இல்லை. மனுஷி! என் பேர் சுபிக்‌ஷா. இத்தனை மாசமா நான்தான்யா உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்!

எல்லாரும் ஏன் திரும்பிப் பார்க்கிறீங்க? முன்னால் பாருங்க.

என்ன சொல்கிறார்? 'சரிம்மா, கோச்சுக்காத. லைன் எப்ப வரும்?' அவ்வளவுதானா? அவ்வளவுதானா சார்? ...வரும். இதோ வரும். நானே திரும்பக் கூப்பிடுகிறேன், வையுங்க.

ஷாஜகான் அண்ணனுக்கு அடித்தால் போக மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் சிக்னல் வந்து வந்து போகிறது. ஓரிக்கையா இது? நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் அக்கா. கொஞ்சம் காலை நகர்த்துங்க. கடைதானே, தெரியும், மணி ஆகிறது, தெரியும். காந்தி ரோடு பக்கம் போனால் அந்த சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லிவிடுங்க, சுபிக்‌ஷா இன்றைக்கு லீவு என்று. சேரவே இல்லை, அதற்குள் லீவா என்பார். கேட்கட்டும். எங்கம்மாவும் கேட்கட்டும்.

என்ன அக்கா கையைப் பிடிக்கிறீங்க? நிரஞ்சனுக்குத்தான் போகட்டுமே, அவன் பார்த்துக்கொள்வான் என்கிறீங்களா? அவனுக்குப் போகவே கூடாது அக்கா. ஒரே ஒரு தடவை போய்விட்டால் போதும், ஏன் தனக்கு வந்தது என்று உள்ளே போய்ப் பார்ப்பான், கடைசிக் கட்டத்தில் யார் நம்பர் என்று பார்ப்பான், எல்லா இடத்திலிருந்தும் என்னைத் தூக்கிவிடுவான்.

விடுங்க. '1' போட வேண்டும்.

கண்டக்டர் அண்ணா, இறங்கணும், விசில் அடிங்க!

ஹலோ, ஷாஜகான் அண்ணனா? ஆமா, நான்தான்.